அமைதியாக முடிந்த கூட்டம்

ஆரணியில் நாளிதழ் நிருபராக இருக்கிறேன். கூட்டம் முடியும் முன்பே செய்தியை அனுப்பிவிடுவது என் வழக்கம். எண்ணெய்க் குழாய் பதிப்பது பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டத்திலும், அதிகாரி பேசி முடித்ததுமே ‘எதிர்ப்பின்றி அமைதியாக முடிந்தது’ என்று எழுதி அனுப்பினேன்.

அதன் பிறகுதான் எஸ்தர் எழுந்தார். பட்டு நூலுக்குச் சாயம் போடுபவர். குழாய் அவருடைய கிணற்றை ஒட்டிப் போகிறது.

“தண்ணியில எண்ணெய் பட்டா பட்டுல சாயம் ஏறாதுங்க. குழா கசிஞ்சா நான் எங்க போறது?”

“கசியாதும்மா. கம்ப்யூட்டர் பாத்துகினே இருக்கும்.”

“கம்ப்யூட்டர் வந்து தண்ணி எறைச்சுக் குடுக்குமா சார்?”

மண்டபமே சிரித்தது. அடுத்தடுத்துப் பலர் எழுந்து எதிர்த்தார்கள். செய்தியை மாற்ற நேரம் இருந்தது. பசித்ததால் கிளம்பிவிட்டேன்.

சில மாதங்களில் குழாய்க்கு அனுமதி வந்தது. ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போன எஸ்தருடன் செய்திக்காக நானும் போனேன். எழுத்தர் கோப்பைத் திறந்தார். அதில் என் செய்தி ஒட்டப்பட்டிருந்தது.

“எதிர்ப்பே இல்லன்னு பேப்பர்லயே வந்துகீதும்மா.”

“எவன் எழுதனான் இத?”

செய்தியில் என் பெயர் இல்லை. “நான்தாங்க” என்றேன்.

எஸ்தர் திட்டவில்லை. “நீங்க முன் வரிசையிலதானே உக்காந்துகினு இருந்தீங்க?” என்று மட்டும் கேட்டார்.

திருத்தம் வெளியிட்டோம். கோப்பை மூடியாகிவிட்டது, இனி அதைச் சேர்க்க முடியாது என்றார்கள் அலுவலகத்தில். இப்போது கிணற்றருகே பள்ளம் தோண்டுகிறார்கள். இப்போதெல்லாம் கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன். அதனால் எஸ்தருக்கு எந்தப் பயனும் இல்லை.