விண்ணப்பம் யார் பேரில்?

விசா அலுவலகத்தின் மூன்றாவது மாடி வராந்தாவில், இரும்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, உதட்டுக்குள் எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தார் முதலாளி. முதலாளி என்றதும் ஆலை முதலாளி என்று நினைத்துவிடாதீர்கள். பை தைக்கிற கடை. அறுந்த கைப்பிடி, ஓடாத ஜிப், சக்கரம் கழன்ற சூட்கேஸ் எல்லாவற்றையும் சரிபண்ணித் தருகிற எட்டடிக் கடை. வாடிக்கையாளர்கள் விளையாட்டாக வைத்த பெயர், கடைசியில் பெண்டாட்டி வாயிலும் ஒட்டிக்கொண்டது.

கடையின் முன்பக்கம் முதலாளி. வருகிற பையை வாங்குவார், சீட்டு ஒட்டுவார், பேசுவார். அடேயப்பா, அது என்ன பேச்சு! பிய்ந்த பையோடு எரிச்சலாக வந்தவரைச் சிரிக்கவைத்து அனுப்பிவிடுவார். திரைக்குப் பின்னால் தையல் மெஷின். அதில் அவர் மனைவி. வெட்டுவது, தைப்பது, ஆணி அடிப்பது, மெழுகு தேய்ப்பது எல்லாம் அவள்தான். இருபத்தோரு வருஷத்தில் முதலாளி ஒரு ஊசியில் நூல் கோத்தவர் இல்லை.

கடை இருந்த கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று ஆனபோதுதான் இந்த வெளிநாட்டுப் பேச்சு வந்தது. சொந்தக் கைத்தொழில் வைத்திருப்பவர்கள் குடும்பத்தோடு வந்து குடியேறலாம், பத்து வருஷ அனுபவம் போதும் என்றார் ஏஜென்ட். "தொழில் யார் பேருல இருக்கு?" என்று கேட்டார். "என் பேருலதான்" என்றார் முதலாளி. உரிமம், வரி, வாசல் போர்டு எல்லாமே அவர் பெயரில்தான். "அப்ப விண்ணப்பமும் உங்க பேருல போட்டுடலாம்." அவ்வளவுதான். மூன்று பேர் உட்கார்ந்து பேசிய இடத்தில், இது பொய் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மனைவிக்கும் தோன்றவில்லை என்பதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

பதினாலு மாதம் கழித்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். ஏஜென்ட் அப்போதுதான் சாவகாசமாக வாயைத் திறந்தார். "தொழிலைப் பத்திக் குடைவாங்க சார். பொய்னு அவங்க கண்டுபிடிச்சு எழுதிட்டா, அஞ்சு வருஷம் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க முடியாது."

அதைவிடப் பெரிய பயம் மகள். அடுத்த புதன்கிழமை அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. விண்ணப்பம் கொடுக்கிற தேதியில் பதினெட்டுக்குள் இருந்தால்தான் பிள்ளை என்று கணக்கு. இந்த விண்ணப்பம் விழுந்து, புதனுக்குப் பிறகு வேறொன்று போட்டால், அதில் அவளுக்கு இடமில்லை. "அவ இல்லாம நான் ஒரு அடி நகர மாட்டேன்" என்று மனைவி முதல் நாளே சொல்லிவிட்டாள்.

ஒரு வாரமாகக் காலையில் கடை திறக்குமுன் அவருக்குப் பாடம் நடந்தது. தோலுக்குப் பதினெட்டாம் நம்பர் ஊசி, பருத்தி நூல் கூடாது, நைலான் நூல்தான். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார். மகள் கேள்வி கேட்டாள், மனைவி திருத்தினாள், அவருக்கு வியர்த்தது.

இப்போது பெயரைக் கூப்பிட்டார்கள். கணவனும் மனைவியும் உள்ளே போனார்கள். மகள் வராந்தாவிலேயே இருந்தாள்.

மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி அம்மா. முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அதுவே முதலாளியை மேலும் பயமுறுத்தியது.

"தோல் தைக்க எந்த ஊசி?"

"பதினெட்டாம் நம்பர், மேடம்."

"நூல்?"

"நைலான், மேடம்." கொஞ்சம் மூச்சு வந்தது.

"ஒரு ஜிப்பை இழுத்து மூடுறீங்க. மூடின பின்னாடியும் பல்லு திறந்துக்குது. என்ன செய்வீங்க?"

இது பாடத்தில் இல்லை. கடையில் வருகிறவர்களிடம் சொல்லிப் பழகிய பதில் ஒன்று இருந்தது. அதையே எடுத்து விட்டார். "ஜிப்பு போச்சு மேடம். முழுசா பிரிச்சு புது ஜிப்பு வைக்கணும்."

"ச்சு!"

பக்கத்திலிருந்து வந்தது. மனைவிதான். நல்ல ஜிப்பைப் பிரித்துப்போடுகிறேன் என்று ஒருவன் சொன்னால் பொறுக்க முடியாத வாய். சூள் கொட்டிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முகம் வெளிறித் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன செய்வீங்கம்மா?"

அவள் சேலைத் தலைப்பைத் திருகினாள்.

"சொல்லுங்க."

"ஜிப்பை இழுக்கிற ரன்னர் தேஞ்சிருக்கும்" என்றாள், தரையைப் பார்த்தபடி. "குறடால ரெண்டு பக்கமும் லேசா அழுத்துனா பிடிச்சுக்கும். பிடிக்கலன்னா ரன்னரை மட்டும் மாத்தணும்."

ஐயோ, போச்சு! எல்லாம் போச்சு! முதலாளி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி அவரையே பார்த்தார். "ஒரே ஒரு தடவை கேக்கறேன். இந்த வேலையெல்லாம் செய்யறது யாரு? யோசிச்சு சொல்லுங்க. நீங்களே உண்மையை எழுதிக் கொடுத்தா, விண்ணப்பத்தை வாபஸ் வாங்கின மாதிரி. நான் எழுதினா அஞ்சு வருஷம் தடை. குடும்பத்துக்கே."

இருபத்தோரு வருஷம் ஊர் வாயை அடைத்த வாய் வேறு வழி தேடியது. சாதித்துவிடலாமா? நான்தான் செய்கிறேன், அவள் கூடமாட உதவுவாள் என்று அடித்துப் பேசினால்? கதவின் கண்ணாடி வழியே மகளின் பின்னந்தலை தெரிந்தது. வாபஸ் என்றால் அவள் இல்லை. மாட்டிக்கொண்டால் யாருமே இல்லை. பயத்தில் கண்ணில் நீர் முட்டியது.

"அவதான் மேடம்" என்றார். "ஒரு பை கூட நான் தைச்சதில்ல."

தாளைக் கொடுத்தார்கள். எழுதினார். எழுத்து கோணல்மாணலாகப் போயிற்று. கடையின் வேலை முழுவதும் என் மனைவி செய்தது, நான் முன்னால் உட்கார்ந்து பேசினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மனைவி அதை எட்டிப் படித்தாள்.

"பொண்ணுக்குப் பதினெட்டு எப்ப?" என்றார் அதிகாரி.

"வர்ற புதன், மேடம்."

ஒரு புதுப் படிவத்தை மனைவி முன்னால் நகர்த்தினார். "இது உங்க பேருல. அனுபவத்துக்கு இவர் எழுதினதையும் சேர்த்து வைங்க. நாலு மணிக்குள்ள கீழே கவுன்ட்டர்ல கொடுத்தா, இன்னிக்கு வயசுதான் கணக்கு. கிடைக்கும்னு நான் சொல்லல."

மணி மூன்று ஐந்து. கீழ்த்தளத்து மரப்பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். மகள் ஒவ்வொரு கட்டமாக வாசித்தாள், மனைவி எழுதினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து முதலாளியின் கழுத்து வலித்தது. மூன்றே முக்கால் ஆனபோது பேனா நின்றது.

"என்னாச்சு?"

கணவர் என்று போட்டு இரண்டு கட்டம். உடன் வருகிறார். உடன் வரவில்லை.

"டிக் போடும்மா, நேரமாகுது!" என்றார் முதலாளி.

"படிக்கிறேன்ல."

மகள் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு தன் செருப்பைப் பார்த்தாள். காலையிலிருந்து முதலாளி பட்ட பயமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. அதிகாரி ஊர் பேர் தெரியாதவர். பெண்டாட்டியோ எல்லாம் தெரிந்தவள்.

"ஏங்க," என்றாள் மெதுவாக, "அன்னிக்கு உரிமம் எடுக்கும்போது யார் பேருன்னு கேட்டிருப்பாங்கல்ல. என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"தோணல" என்றார். கூட எதையாவது சேர்த்துச் சொல்லப் பார்த்தார். வரவில்லை. "நிஜமா தோணலம்மா."

அவள் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, கையால் மறைத்தபடி எதையோ குறித்தாள். எழுந்தாள்.

"விண்ணப்பதாரர் மட்டும் வாங்க" என்றார் கவுன்ட்டர்காரர். பழக்க தோஷம், முதலாளியின் கால் முன்னால் போனது. மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் பின்னால் நின்று மனைவியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாள் புரளும் சத்தம். முத்திரை குத்தும் சத்தம். தன்னை விட்டுவிட்டு இவர்கள் இருவரும் போனால், நாளைக் காலை எழுந்து தான் என்ன செய்வது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

மனைவி திரும்பி வந்தாள்.

"எதுல... எதுல டிக் போட்ட?"

"ரசீதுல இருக்கு. படிச்சுக்குங்க."

கண்ணில் நீர் மறைத்ததால் தாளை முகத்துக்கு அருகே கொண்டுபோக வேண்டியிருந்தது. முதலில் அவள் பெயர். அடுத்து மகள் பெயர். அதற்குக் கீழே, மூன்றாவதாக, அவர் பெயர் இருந்தது.