பெயருக்கு விட்ட இடம்

முப்பது வருஷமாகப் பாட்டு எழுதுகிறேன். சினிமாவுக்கு அல்ல. காதுகுத்து, கோயில் திருவிழா, அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் இறங்கும் காளை, அதன் சொந்தக்காரர், தேர்தலில் நிற்பவர், அவரை எதிர்த்து நிற்பவர் என்று எல்லோரையும் புகழ்ந்தாகிவிட்டது. எல்லோரும் நல்லவர்கள்தான். காளைகள் கொஞ்சம் கூடுதலாக.

தேர்தல் பாட்டில் பெயர் வரும் இடத்தில் ஒரு கோடு போட்டுவிடுவேன். பாடுகிறவர் பெயரைச் சேர்த்துக்கொள்வார். வேட்பாளர் என்ன செய்தார் என்று எழுதத்தான் திண்டாட்டம். கேட்டால் அவருக்கே தெரியாது.

அதற்கு வீட்டிலேயே வழி இருந்தது. என் மனைவி சும்மா இருக்கிறவள் அல்ல. நடுரோட்டில் குடத்தை வைத்துத் தண்ணீர் லாரியை மறித்தாள். தெருவிளக்குக்கு மனு கொடுத்து, விளக்கு எரியும்வரை கார்ப்பரேஷன் ஆபீசுக்கு நடந்தாள். சோறு போடும்போது அவள் சொல்வதை மனதில் குறித்துக்கொள்வேன். போன தேர்தலில் 'லாரிய மறிச்ச தாயே, லைட்டு போட வச்ச தாயே' என்று எழுதினேன். கோட்டில் எங்கள் வார்டில் நின்ற எதிர்த் தெரு அம்மாவின் பெயர் ஏறியது. மனைவி முகம் சுளித்தாள். பாட்டுதானே என்றேன். அந்த அம்மா ஜெயித்துக் கவுன்சிலர் ஆனார். அதன்பிறகு அவர் போகிற விசேஷத்துக்கெல்லாம் அதே பாட்டுதான்.

இந்தத் தேர்தலில் மனைவியே சுயேச்சையாக நின்றாள். தனக்கும் ஒரு பாட்டு வேண்டும் என்றாள். முதல்முறையாக உண்மையை மட்டும் எழுதப்போகிறேன் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. லாரியையும் விளக்கையும் விடாமல் எழுதி, ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக் கிளம்பினோம். மூன்றாவது தெருவில் டீக்கடைக்காரர் கைகாட்டி நிறுத்தினார்.

"அண்ணே, அதெல்லாம் கவுன்சிலரம்மா செஞ்சதுல்ல? அவுகளுக்குப் போட்டதையே திருப்பிப் போடுறீகளே."

இவள்தான் செய்தாள் என்று விளக்கினேன். புருஷன் வேறு எப்படிச் சொல்வார் என்கிற மாதிரிச் சிரித்தார்.

மனைவி தோற்றாள். ஓட்டு எண்ணிய இடத்திலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது, நன்றி கெட்ட ஜனங்கள் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் பொறுத்துப் பார்த்தாள்.

"அவுகள ஏன் வையிறீங்க? அம்புட்டும் அந்தம்மா செஞ்சதுன்னு ஊரு பூராம் சொன்னது நீங்கதான?"

வெட்கமாக இருந்தது.

எங்கள் தெரு முனையில் கவுன்சிலரம்மாவின் வெற்றி ஊர்வலம் எதிரே வந்தது. ஆட்டோ ஓரங்கட்டி நின்றது. அதில் போன தேர்தலுக்கு நான் எழுதிய பாட்டு வேறு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. தான் செய்ததையெல்லாம் வரிசையாக, கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் என் மனைவி ஆட்டோவை எடுக்கச் சொன்னாள்.