முதற்பக்கத்தில் லோகேஸ்வரி

பிறருடைய இணையத்தளங்களுக்கு எழுதிக் கொடுப்பதே பிரிக்பீல்ட்சில் ஒரு கடையின் மாடியில் இயங்கிய அந்த நிறுவனத்தின் தொழில். அங்கே எழுத்துவேலை பார்த்த லோகேஸ்வரிக்கு வயது நாற்பத்தேழு, வயிற்றில் புற்றுநோய். பண்டமாரானிலிருந்து பேருந்தும் ரயிலும் மாறி நாள்தோறும் வந்தாள். மருந்து ஏற்றிய மறுநாள்கூட வந்தாள். நிறுவனம் தந்த மருத்துவ அட்டை இல்லையென்றால் அந்த மருந்தும் இல்லை.

அந்த அட்டையின்மீதுதான் முதலாளி கிஷன் கைவைத்தான்.

“அக்கா, கிள்ளான்ல ஒரு பியூனரல் கம்பெனி. கூகள்ல தேடுனா அவங்க மொதப் பக்கத்துல வரணும். விசாரிக்கிறவங்களுக்கு அவங்க பேர்ல நாமதான் பதில் போட்டுப் பதியணும். ஒரு புக்கிங்காச்சும் விழணும். மூணு மாசம் டைம்.”

“வரலைன்னா, பாஸ்?”

“உங்க காண்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டேன். கார்டும் கட். நான் என்ன தர்ம ஆஸ்பத்திரியா நடத்துறேன்? சாவப் பத்தி எழுத உங்கள விட்டா யாரு லா? நீங்கதான் டிரெய்னிங்ல இருக்கீங்களே!”

அறையிலிருந்த இருவர் சிரித்தனர். லோகேஸ்வரியும் சிரித்து வைத்தாள். சிரிக்காவிட்டால் அவன் மறுபடியும் சொல்வான்.

வீட்டில் இதை அவள் சொல்லவில்லை. நோயாளி சாவைப் பற்றி எழுதுவதா என்று கணவன் வாசு பதறுவான். கல்யாணச் சமையல்காரர் ஒருவருக்கு எழுதுவதாகச் சொல்லிவைத்தாள்.

மக்கள் தேடும் சொற்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் படித்தாள். துக்கத்தில் இருப்பவன் எவனும் ‘ஈமக்கிரியை’ என்று தட்டுவதில்லை. போட்டி நிறுவனங்கள் அனைத்தும் இறந்துவிட்டவர்களின் உறவினருக்கே எழுதியிருந்தன. நோயாளியின் கட்டிலருகே காத்திருப்பவர்களுக்கென ஒரு பக்கமும் இல்லை. அவர்களோ, ‘முன்கூட்டியே பியூனரல் புக்கிங் கிள்ளான்’ என்று ஓசையின்றித் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தொடரை அவள் பற்றிக்கொண்டாள். தலைப்பில் ஒருமுறை, முதற்பத்தியில் ஒருமுறை, துணைத்தலைப்பில் ஒன்று, படக்குறிப்பில் ஒன்று.

“நாலு தடவதானா? முப்பது தடவ போடுங்க!” என்றான் கிஷன்.

“அப்படி அள்ளிக் கொட்டுனா கூகள் நம்மள அடியில தள்ளிரும், பாஸ். தேடுறவங்களுக்கு வேண்டிய பதில் உள்ள இருக்கணும்.”

ஆகவே பதிலையும் எழுதினாள். உயிர் இருக்கும்போதே ஏற்பாடு செய்வது துரோகமன்று, பொறுப்பு என்று எழுதினாள். அந்த வாக்கியத்தை மூன்றுமுறை திருத்தினாள்.

முதல் மாதம் ஆறாம் பக்கம். அடுத்த மாதம் மூன்றாம் பக்கம். பதினோராவது வாரத்தில் முதற்பக்கத்தில் இரண்டாவது இடம். கிஷன் சூடான கறிபாப் பலகாரம் வாங்கிப் பங்கிட்டான். அவளால் விழுங்க முடியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு முதல் விசாரணை வந்தது. கிஷன் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று உரக்கப் படித்தான்.

“‘என் பெயர் வாசு. பண்டமாரான். மனைவிக்குக் கேன்சர், வயசு நாற்பத்தேழு. ரெண்டு மாசம்தான்னு டாக்டர் சொல்லிட்டார். அவளுக்குத் தெரியாது. வீட்டுக்கு போன் பண்ண வேண்டாம். இப்பவே புக் பண்ணா தள்ளுபடி உண்டா?’ அட, உங்க ஊர்தான் அக்கா!”

அவள் கணவனின் பெயரை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. கைப்பேசி எண்ணை அவள் பார்த்தாள்; அவளுக்கு மனப்பாடமான எண். நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டு வீட்டாரிடம் மட்டும் உண்மையைச் சொல்வது மருத்துவமனை வழக்கம். சென்ற மாதம் மருத்துவரின் அறையிலிருந்து வெளியே வந்த வாசு, “மருந்து நல்லா கேக்குதாம் லோகு” என்று சொல்லி அவளுக்குக் குடிக்க ஒரு குவளை மைலோ வாங்கித் தந்தான்.

“என்ன அக்கா மசமசன்னு? அஞ்சு நிமிஷத்துல பதில் போகணும்!”

தட்டெழுதினாள்: ‘வணக்கம் ஐயா. தள்ளுபடி உண்டு. எந்தத் தொகுப்பு வேண்டும்? எளிய வகை, நடுத்தரம், சிறப்பு.’

உடனே பதில் வந்தது. ‘எளிய வகை போதும்.’

“விழுந்துருச்சி!” கிஷன் கைதட்டினான். “கார்டு இன்னும் ஒரு வருஷத்துக்கு உங்களுக்குத்தான், அக்கா. சட்டுன்னு பதிவ முடிங்க, ஆளு மனசு மாறிடப் போறான்.”

பதிவுப் படிவத்தைத் திறந்தாள். தொலைபேசி எண், ஊர், வயது எல்லாம் ஏறின. இறப்பவரின் பெயரை மட்டும் வாசு தரவில்லை. அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும்வரை படிவம் நகர மறுத்தது. அவனிடம் கேட்டு எழுதலாம். லோகேஸ்வரி கேட்கவில்லை, தானே நிரப்பி அனுப்பினாள்.