எறிந்த கையும் ஏந்திய தோளும்

அண்ணா மறைந்த முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணாவைப் பற்றி ஆளுக்கொரு கட்டுரை எழுதுவது என்று வீட்டில் முடிவானது. பிள்ளைகள் கனடாக் காலத்தை எடுத்துக்கொண்டார்கள். அண்ணி குடும்பத்தை எடுத்துக்கொண்டார். மிஞ்சியது துபாய். அங்கே அண்ணாவோடு ஒரே அறையில் கிடந்தவன் நான் என்பதால் அது என் தலையில் விழுந்தது. எனக்குச் சந்தோசம்தான். கேட்டிருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

பருத்தித்துறையில் அக்காவுக்கு அடுத்ததாக அண்ணா பிறந்தார். கடைக்குட்டி நான். ஐயா நேரத்தோடு கண்ணை மூடியதால், அண்ணா பள்ளிக்கூடத்தை விட்டு வெல்டிங் பழகப் போனார். படிப்பு நின்றதில் அவருக்குப் பெரிய கவலை இருக்கவில்லை. எல்லே விளையாட்டு நின்றதுதான் கவலை. கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: எல்லேயில் தடியால் பந்தை அடித்துவிட்டு ஓட வேண்டும். ஓடுகிறவனைப் பந்தால் எறிந்து அடித்தால் அவன் அவுட். மைதானத்தின் எந்த மூலையில் நின்றாலும் ஓடுகிறவனின் முதுகில் பந்தைப் போடுகிற கை அண்ணாவுடையது. டென்னிஸ் பந்து என்பதால் ஊரில் முதுகுகள் தப்பின.

அக்கா கல்யாணமாகிக் கொழும்புக்குப் போனார். அண்ணா எண்பதுகளின் தொடக்கத்தில் துபாய்க்குப் போனார். பிறகு அதே கொம்பனியில் எனக்கும் விசா எடுத்துத் தந்தார். அல் குசைஸில் எங்கள் தொழிலாளர் கேம்ப். மனேஜர் ஓர் அமெரிக்கர், நல்ல மனுசன். அவருக்கு இருந்த ஒரே வருத்தம் வெள்ளிக்கிழமைகளில் பேஸ்போல் விளையாட ஆள் இல்லாதது. கடைசியில் கேம்ப் ஆட்களையே பிடித்து அணி சேர்த்தார். கேம்புக்குப் பின்னால் இருந்த மணல் வெளியில் கழிவு எண்ணெய் ஊற்றிப் புழுதியை அடக்கினோம். சீமெந்துப் பைகளில் மணல் நிரப்பி ஓடிச் சேரும் இடங்களில் வைத்தோம். சத்வாவில் கடை வைத்திருந்த காயல்பட்டினத்துத் தையல்காரர் எங்களுக்குச் சட்டை தைத்தார். எல்லாச் சட்டையிலும் நெஞ்சில் ஒரு பை. எதற்கு என்று அண்ணா கேட்க, "பேனா வெக்க வேணாமா தம்பி?" என்றார் அவர். பேனா வைத்த பேஸ்போல் அணி உலகத்தில் நாங்கள் ஒன்றுதான் இருந்திருப்போம்.

முதல் ஆட்டத்திலேயே அண்ணா பெயர் எடுத்துவிட்டார். மனேஜர் பந்தை அடித்துவிட்டு மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தார். பந்து அண்ணாவின் கைக்கு வந்தது. பேஸ்போலில் பந்தை மணல் மூட்டையடியில் நிற்கிறவனிடம் எறிய வேண்டும். அது எங்களுக்குச் சொல்லித் தரப்பட்டதுதான். ஆனால் அண்ணாவின் கைக்கு எல்லே மட்டும்தான் தெரியும். விட்டார் ஒரு எறி. மனேஜரின் பின்பக்கத்தில் போய் விழுந்த சத்தம் கேம்ப் வரைக்கும் கேட்டது. பேஸ்போல் பந்து கல்லு மாதிரி. அண்ணா இரண்டு கையையும் தூக்கி, "அவுட்!" என்று துள்ளினார்.

மைதானம் செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது. விசா கான்சல், நாளைக்கு பிளேன் என்றே நான் நினைத்தேன். அப்போது எண்ணெய்ப் பீப்பாய்களுக்கு அப்பால் நின்ற ஒருவர் மட்டும் கை தட்டிச் சிரித்தார். ஸ்டோரில் வேலை செய்த சுனில். கேகாலைப் பக்கத்துச் சிங்களவர். அத்தனை பேருக்குள் எல்லே தெரிந்தவர் அவர்தான். மனேஜர் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டு வந்து அண்ணாவின் தோளைப் பிடித்துப் பார்த்தார். இனிமேல் பந்து எறிகிற ஆள் நீதான் என்றார். கை தட்டிய சுனிலையும் கூப்பிட்டு, அந்த எறியைப் பிடிக்கிற வேலையை அவரிடம் கொடுத்தார்.

அன்று தொடங்கியது அந்தக் கூட்டு. அடிக்கிறவனுக்குப் பின்னால் சுனில் குந்தியிருப்பார். என்ன எறி வேண்டும் என்று தொடைகளுக்கு நடுவில் விரலால் காட்டுவார். அண்ணா அதை எறிவார். எங்கள் வீட்டில் ஒருவர் சொல்லையும் கேட்காத அண்ணா அந்த விரலுக்கு மட்டும் கட்டுப்பட்டார். அம்மா இருந்து பார்த்திருந்தால் சுனிலைத் தத்து எடுத்திருப்பா. பல வருடம் கழித்தும் அண்ணா சொல்வார்: "எறியிறவனுக்கு எல்லாரும் கை தட்டுவினம். பிடிக்கிறவன் வெயிலுக்க குந்திக்கொண்டு இருக்கிறான். அவனை ஆரும் பாக்கிறேல்லை. ஆனா அவன் இல்லாட்டி நான் சும்மா கல்லெறியிற ஒருத்தன்."

இனி எழுதப்போவதை மலரில் போடலாமா என்று அண்ணி தயங்கினார். போடத்தான் வேண்டும் என்று அக்கா சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

எண்பத்து மூன்று ஆடி. கொழும்பு எரிகிறது, தமிழர் வீடுகளைச் சிங்களக் காடையர் கொளுத்துகிறார்கள் என்று மத்தியானம் வானொலியில் கேட்டோம். அக்காவும் அத்தானும் கைப்பிள்ளையும் வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருந்தார்கள். அவர்களுக்குத் தொலைபேசி இல்லை. பக்கத்துக் கடை இலக்கத்துக்கு எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணா டியூட்டிக்குப் போனார், வந்தார், சாப்பிடவில்லை. அறையில் இருந்த பொடியள் கொதித்துப்போய் நின்றார்கள். "அண்ணை, இனி அவங்களோட விளையாட்டு இல்லை. கலாஸ், முடிஞ்சுது," என்றார்கள். இரண்டு தடவை சுனில் அறைக் கதவுக்கு வந்தார். பொடியள் திறக்கவில்லை.

வெள்ளி விடிந்ததும் அண்ணா பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்தார். அவர் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. பின்னால் போனேன். வெயில் ஏறுவதற்கு முன் பழகுவது எங்கள் வழக்கம். அன்று வேறு யாரும் வரவில்லை. சுனில் மட்டும் தன் இடத்தில் கையுறையோடு நின்றார். அண்ணாவைக் கண்டதும், பந்து படாமல் முகத்துக்குப் போடும் கம்பியைத் தூக்கி, "மச்சான்..." என்று ஏதோ சொல்ல வந்தார்.

"கதையாதை. குந்து," என்றார் அண்ணா.

சுனில் முகக் கம்பியை இறக்கிவிட்டுக் குந்தினார். வழக்கம்போல ஒரு விரலைக் காட்டினார். அண்ணா அந்த விரலைப் பார்க்கவில்லை. முழுப் பலத்தையும் போட்டு எறிந்தார். அது கையுறைக்கு எறிந்த எறி அல்ல. ஆளுக்கு எறிந்த எறி. சுனில் அசையவில்லை. கையுறையையும் தூக்கவில்லை. பந்து இடது தோளில் பட்டு, ஆள் மணலில் சரிந்தார்.

சுனில் மெல்ல எழும்பி முழங்காலில் இருந்தார். முகக் கம்பியைக் கழற்றினார். "அவுட், மச்சான்," என்றார். பிறகு, அண்ணா சொல்லிக் கொடுத்த தமிழிலேயே சொன்னார்: "அக்கா இருக்கு. அத்தான் இருக்கு. பேபி இருக்கு. என்ட அண்ணா போய் பாத்தது. ஸ்கூல்ல இருக்கு, எல்லாம் சனத்தோட."

கொழும்பில் பஸ் ஓட்டுகிற தன் தமையனுக்கு, மனேஜரைக் கெஞ்சி அலுவலகத் தொலைபேசியில் எடுத்து, அக்காவைத் தேடச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் தெருவெல்லாம் நெருப்பாக இருந்த நேரத்தில், அகதிகள் இருந்த பள்ளிக்கூடங்களில் ஏறி இறங்கி அக்காவைத் தேடிப் பிடித்திருக்கிறார். அதைச் சொல்லத்தான் சுனில் எங்கள் கதவுக்கு வந்து வந்து போயிருக்கிறார்.

அண்ணா மணலில் இருந்து அழுதார். ஐயாவின் செத்த வீட்டில்கூட அழாத அண்ணா, குழந்தை மாதிரி அழுதார். சுனில் நல்ல கையால் அவர் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

சுனிலின் தோளில் எலும்பு வெடித்திருந்தது. பந்து தவறிப் பட்டுவிட்டது என்று மனேஜரிடம் சுனிலே சொன்னார். அது மாறும் வரைக்கும் வேறு ஒருவனுக்கு எறியச் சொல்லி மனேஜர் எவ்வளவோ கேட்டும் அண்ணா மறுத்துவிட்டார். அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் அணி தோற்றது. அண்ணா பீப்பாயில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பந்து பட்ட அன்றைக்கே சுனிலை அறைக்குக் கூட்டிவந்து பொடியளிடம் சொன்னது இவ்வளவுதான்: "இவன் வந்தா எனக்கு முதல் இவனுக்குச் சோத்தைப் போடுங்கோ." பொடியள் போட்டார்கள். ஏன் கையுறையைத் தூக்கவில்லை என்று ஒருநாள் சுனிலிடம் நான் கேட்டேன். "பிடிச்சா இன்னொண்டு எறியும் தம்பி. பட்டா முடிஞ்சுது," என்றார்.

அண்ணா வாய் விட்டு மன்னிப்புக் கேட்டதை நான் காணவில்லை. அதற்குப் பதில், காலையில் கண்டால், "தோள் எப்பிடி?" என்று கேட்பார். "மழைக்கு மட்டும் நோகும்," என்பார் சுனில். துபாயில் எங்கே மழை? அதுதான் அவர்களின் பகிடி. தோள் மாறிய பிறகு இருவரும் எண்பதுகளின் கடைசி வரைக்கும் சேர்ந்து விளையாடினார்கள். பிறகு அண்ணா கனடாவுக்குப் போனார். சுனில் கேகாலைக்குத் திரும்பினார். ஒவ்வொரு சித்திரை வருடப் பிறப்புக்கும் அண்ணா போன் எடுப்பார். வாழ்த்துச் சொல்வதற்கு முதல், "தோள் எப்பிடி?" கேகாலையில் மழைக்குக் குறைவில்லை. ஆனாலும் சுனிலின் பதில் மாறவில்லை.

அண்ணா பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்கியதையும் கோயிலுக்கும் ஊருக்கும் செய்ததையும் மற்றவர்கள் இந்த மலரில் எழுதியிருக்கிறார்கள். கடைசி மாதங்களில் அந்த எறிந்த கை நடுங்கத் தொடங்கியது. தேநீர்க் கோப்பை பிடிக்க முடியாதபோதும் அவருக்குக் கோபம் வரவில்லை. "கன காலம் உழைச்ச கை, இருக்கட்டும்," என்பார். நோவில்லாமல், அண்ணி பக்கத்தில் இருக்க, அமைதியாகப் போனார்.

நோயில் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், சமைத்துக் கொண்டுவந்து தந்த அயலவர்களுக்கும், இறுதிக் கிரியைகளைத் தோளில் சுமந்து நடத்திய உறவுகளுக்கும், தூர நாடுகளில் இருந்து வந்தவர்களுக்கும், வர முடியாமல் அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவை எங்களுக்குத் திருப்பித் தந்த சுனில் அண்ணைக்கும், இப்போது இல்லாத அவருடைய தமையனாருக்கும் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நன்றி என்ற சொல் காணாது.

அண்ணா போன செய்தியைச் சுனில் அண்ணைக்கு நான்தான் சொன்னேன். போனை வைக்க மனமில்லை. கடைசியில், அண்ணா கேட்பதையே நானும் கேட்டேன்.

"தோள் எப்பிடி அண்ணை?"

"இண்டைக்கு நோகுது தம்பி," என்றார்.