தண்ணீர் படக் கூடாத விமான நிலையம்

2024 ஏப்ரல் 17, புதன்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். கட்டுமானப் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் என் தம்பி ஓர் அறிக்கையை என்னிடம் நீட்டி, ஆங்கிலத்தை மட்டும் திருத்தித் தரச் சொன்னான். மறுநாள் வேலப்பன்சாவடிப் பக்கத்துக் கல்லூரியில் அதற்கான வாய்மொழித் தேர்வு. தேறினால்தான் பட்டம், பட்டம் இருந்தால்தான் உறுதியாகியிருந்த வேலை.

பொருள், கடலில் மிதக்கும் விமான நிலையம். மாதிரியும் வந்திருந்தது. இரண்டடி நீள மெல்லிய தெர்மாகோல் ஓடுபாதை, வரிசை விளக்குகள், நான்கு பொம்மை விமானங்கள். அனைத்தும் நீலம் பூசிய பலகையில் திருகப்பட்டிருந்தன. அந்தப் பலகைதான் கடல். தம்பியின் நால்வர் குழு கடலையும் அறிக்கையையும் ஆவடியில் ஒரே கடையில் வாங்கியிருந்தது.

இலக்கிய மாணவியான எனக்கு, கையில் கிடைத்ததைப் படித்துவிடும் கெட்ட பழக்கம் உண்டு. இத்தகைய தளம் கிலோமீட்டர் கணக்கில் நீளும், தடிமனோ சில மீட்டர்தான். ஆகவே அது விரித்த பாய்போல் அலையோடு வளைய வேண்டும், விறைத்து நின்றால் நடுவில் முறியும் என்றது மூன்றாம் அத்தியாயம். இச்செய்தி குழுவில் எவரையும் எட்டியிருக்கவில்லை. ஐந்தாம் அத்தியாயம், மாதிரியை அலைத்தொட்டியில் சோதித்ததாகச் சொன்னது. இலக்கணப் பிழை ஏதுமில்லை.

எந்தத் தொட்டியில் என்று கேட்டேன்.

"அத்த யாருக்கா படிக்கப் போறாங்க? தண்ணி பட்டா பெயின்ட்டு பூடும்."

முதல் ஷிப்டு முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தண்ணி படக் கூடாதுன்னா, அது இன்னாடா கடலு?"

தம்பிக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். திருகுகளைக் கழற்றி, துணி ஊறவைக்கும் டப்பில் ஓடுபாதையை விமானங்களோடு இறக்கினான். மிதந்தது. ஒரு நிமிடம் பொறியாளர் தோரணையில் எங்களைப் பார்த்தான். நான் முறத்தால் அலை எழுப்பினேன். மூன்றாவது அலையில் தளம் சரியாக நடுவில் முறிந்தது. விமானங்கள் ஒவ்வொன்றாக மூழ்கின.

"நாளிக்கு இன்னாத்தக்கா காட்டுவேன்?"

அறிக்கை சொன்னது மெய்யானதில் எனக்குள் எழுந்த மகிழ்ச்சி வெட்கத்துக்குரியது. தம்பி பசைக் குப்பியை எடுத்தான்; திறக்காமல் வைத்துவிட்டு, மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தான். ஆண்டு முழுவதும் அவன் படிக்காத பக்கங்கள் அவை.

மறுநாள் காலை ஜெராக்ஸ் கடையில் அறிக்கையின் நான்கு பிரதிகளையும் கட்டுப் பிரிக்கச் சொன்னேன். 'அலைத்தொட்டி' இருந்த இடத்தில் 'துணி ஊறவைக்கும் டப்' என்று மாற்றி, 'விறைப்பான தளம் மூன்றாவது அலையில் முறிந்தது' என்ற வாக்கியத்தையும் சேர்த்து அச்சிட்டேன். முறிந்த ஓடுபாதையின் துண்டுகள் இரண்டையும் கையில் வைத்திருந்த தம்பி தடுக்கவில்லை. நான்கு பிரதிகளிலும் அந்தப் பக்கத்தைச் செருகி, மீண்டும் கட்டச் செய்து அவனிடம் கொடுத்தேன்.