கையோட்டப் பிரிவு

நெப்ராஸ்காவில் எங்கள் ஊர்ப் பெண்களின் குவில்ட் என்னும் ஒட்டுத்துணி விரிப்புகளுக்கெல்லாம் நீளக்கைத் தையல் இயந்திரத்தில் தையல் போட்டுக் கொடுப்பவள் வெர்லா. கோடு பிசகாமலிருக்க, கண்ணாடிபோன்ற அச்சுப் பலகையை விரிப்பின்மேல் இடதுகையால் அழுத்திக்கொண்டு, வலதுகையால் இயந்திரத்தை அதன் ஓரமாக நகர்த்துவாள். மாவட்டக் கண்காட்சியில், பலகையைக் கையாலேயே பிடித்துத் தைப்பவர்களுக்கான கையோட்டப் பிரிவின் முதல் பரிசு ஒன்பது வருடமாக அவளுக்குத்தான். இரண்டாவது, நாத்தனார் ஆர்டிஸுக்கு.

இந்தக் குளிர்காலத்தில் அவளுடைய இடதுகை நடுங்கத் தொடங்கியது. பலகை வழுக்கி ஊசி முறிந்தது. பலகையைப் பிடித்துக்கொள்ள ஒரு துணைக்கருவி வாங்கக் கடைக்குப் போனபோது ஆர்டிஸும் ஒட்டிக்கொண்டாள்.

"ரெண்டு இருக்கு" என்றார் கடைக்காரர். "ஒண்ணு பலகைமேல ஒட்டிக்கிற கைப்பிடி. இன்னொண்ணு பலகையை மேசையோட பூட்டிடும். ஆனா அதுல தைச்சா கையோட்டப் பிரிவுல சேத்துக்க மாட்டாங்க."

"பூட்டுறதையே எடுங்க அண்ணி. நடுங்குற கைக்கு எதுக்கு வீம்பு?" ஆர்டிஸின் குரலில் தேன் வழிந்தது.

வெர்லா கடை இயந்திரத்தில் முதலில் கைப்பிடியை வைத்துத் தைத்துப் பார்த்தாள். கோடு புழுவாக நெளிந்தது. பிறகு பலகையைப் பூட்டித் தைத்தாள். யார் தைத்தாலும் வரக்கூடிய நேர்க்கோடு வந்தது.

பூட்டும் கருவியையே வாங்கினாள். ஆர்டிஸ் ஓடிவந்து பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தாள்.

"இந்த வருஷம் பரிசை நீயே எடுத்துக்கோ" என்றாள் வெர்லா. "நான் இல்லேன்னாதான் உனக்குக் கிடைக்கும்னு ஊருக்கே தெரியும்."