ஒன்பதாவது கோழி

என் அக்கா வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரி லிஃப்டில் வேலை பார்த்தவர். எட்டு மாடிக் கட்டடம். மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பொத்தானை அமுக்கி அமுக்கியே ஓய்வு பெற்றார். உலகத்தைப் பற்றி அவர் தெரிந்துகொண்டதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். ஆனால் எதற்கும் தீர்ப்பு வைத்திருப்பார். வெளியே சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பங்காளிகளை உள்ளே ஏற்றிக் கதவை மூடிப் பார், மூன்றாவது மாடி தாண்டுவதற்குள் வாயை மூடிக்கொண்டு மேலே எரிகிற நம்பரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பார். இடம் அதிகமாக இருப்பதுதான் எல்லாச் சண்டைக்கும் காரணம் என்பது அத்தானின் கட்சி.

அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். லிஃப்ட்காரருக்கு ஏறவும் இறங்கவும் தெரியும், தரையில் நடக்கத்தான் தெரியாது என்று முகத்துக்கு நேராகவே சொல்வாள். அவளுக்கு வாய் அதிகம். தபால்காரரிலிருந்து தண்ணீர்க் குழாய் வரைக்கும் எல்லாவற்றிடமும் பேச்சு. பின்கட்டில் கோழி வளர்த்தாள். அவற்றோடும் ஓயாத பேச்சுதான். எல்லாவற்றையும் விரட்டி முதல் ஆளாகத் தீவனத்தில் தலையை விடும் சிவப்புக் கோழிக்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தாள். நிஜ மாமியார் ஊரிலிருந்து வந்தபோதெல்லாம் அந்தப் பெயரை மாற்றிக் கூப்பிட வேண்டியிருந்தது வேறு கதை.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. மிஞ்சியது ஒரே ஒரு சொல், ‘சரி’. பசித்தால் ‘சரி’. வலித்தால் ‘சரி’. கோபம் வந்தால் கண்ணை உருட்டிக்கொண்டு ‘சரி’. உள்ளே எல்லாம் விளங்கும், வெளியேதான் வராது என்று டாக்டர் விளக்கினார். ஆறுதலுக்குச் சொன்னார் போலிருக்கிறது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அத்தனை பேச்சையும் உள்ளே வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படிப் படுத்திருப்பாள்?

அத்தான் கட்டிலைப் பின்பக்க அறைக்கு நகர்த்தி ஜன்னலோரமாகப் போட்டார். காலையில் கூண்டைத் திறந்துவிட்டதும் அக்காவின் இடது கை விரல்கள் ஜன்னல் விளிம்பில் தட்டித் தட்டிக் கோழிகளை எண்ணும். அது ஒன்றுதான் அவளாகச் செய்கிற காரியம். ஒன்பது இருந்தன. வயதாகி ஒன்று, சீக்கு வந்து ஒன்று என்று ஐந்தாகிவிட்டன. ஒவ்வொன்று குறைந்தபோதும் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். இரண்டு மூன்று நாளைக்குக் கஞ்சிக்குக்கூட வாயைத் திறக்கமாட்டாள். ஐந்தான அன்று அத்தான் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, “கோழி தீர்ந்தா இவளும் தீர்ந்துடுவாம்மா” என்றார். எனக்கும் அந்தப் பயம்தான்.

நான் ஒருநாள் விட்டு ஒருநாள் அவளுக்குத் தலை அலசிவிடப் போவேன். அப்படி ஒரு நாள் போனபோது, அத்தான் முட்டைக்காரரிடம் சொல்லிவைத்து நான்கு விடைக்கோழிகள் வாங்கி வந்திருந்தார். இன்னும் முட்டையிடத் தொடங்காத வயசு. வெள்ளை இரண்டு, புள்ளி போட்டது இரண்டு. பெட்டியைத் திறந்து நேராக முற்றத்தில் விட்டார். அக்காவின் விரல் தட்டத் தொடங்கியது. ஒன்பது. அவள் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சிரிப்பு வந்தது. அவள் சிரித்துப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. நான் அழுதுவிட்டேன்.

அதற்குள் மாமியார் பாய்ந்துவிட்டது. மற்ற நான்கும் அதன் பின்னாலேயே. புதுசுகள் ஓட இடம் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டன. ஒரு வெள்ளையின் கொண்டையிலிருந்து ரத்தம் தெறித்தது. அத்தான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினார். உள்ளே அக்கா ஜன்னலில் அடித்திருந்த கொசுவலையை இடது கையால் படபடவென்று தட்டினாள். நகத்தால் பிறாண்டினாள். வலையை விரலில் சுருட்டி இழுத்தாள். என்னைப் பார்த்தாள், முற்றத்தைப் பார்த்தாள், மறுபடி வலையை இழுத்தாள்.

பாவம், பார்க்கச் சகிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். “ஜன்னலை மூடிடவாக்கா?” என்று கேட்டேன். “சரி” என்றாள். மூடிவிட்டேன். நான் உள்ளே போன பிறகும் அவள் “சரி, சரி, சரி” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் கையை எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தேன். சமாதானப்படுத்துகிறேனாம்.

இடத்தைக் குறைக்க வேண்டும் என்றார் அத்தான். முற்றம் பெரிசாக இருப்பதால்தான் துரத்துகின்றன. நெருக்கி வைத்தால் தானாக அடங்கிவிடும். பழைய சின்னக் கூண்டைத் தூசி தட்டி ஒன்பதையும் சாயங்காலமே பிடித்து உள்ளே தள்ளினார். அரை மணி நேரம் ஒரே கூச்சல். பிறகு அடங்கியது. “பார்த்தியா, மூணாவது மாடி தாண்டிடுச்சு” என்று கண்ணைச் சிமிட்டினார். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் அவர் உடனே வரச்சொல்லிப் போன் செய்தார். போய்ப் பார்த்தேன். கொண்டையில் அடிபட்ட வெள்ளை கூண்டின் மூலையில் செத்துக் கிடந்தது. தலையில் தோல் இல்லை. மற்ற மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, முகத்தை மூலையில் புதைத்துக்கொண்டு நடுங்கின. மாமியார் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அத்தான் மூன்றுக்கும் ஊதா மருந்து தடவினார். மருந்து கோழியைவிட அவர் வேட்டியில்தான் அதிகம். செத்ததை வேலியோரம் புதைத்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்தார்.

“லிஃப்டுல எல்லாரும் எறங்கப் போறவங்கம்மா. அதான் பேசாம நிக்கிறாங்க. இதுங்க இருக்கறதுக்குன்னு வந்ததுங்க. எனக்குத் தோணாமப் போச்சே” என்றார். மூடிய ஜன்னலைத் திறக்க எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை. அவள் எண்ணிவிடுவாளே.

பத்து மணிவாக்கில் முட்டைக்காரர் தெருவோடு போனவர் சைக்கிளை நிறுத்தி, விடைகள் எப்படி இருக்கின்றன என்று விசாரித்தார். நடந்ததைச் சொன்னோம். தலையில் கை வைத்துக்கொண்டார்.

“நடுவுல வலை கட்டலையா? ரெண்டு வாரம் வலைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கமா நின்னு ஒண்ணையொண்ணு பார்த்துப் பழகணும். அப்புறம்தான் சேர்க்கணும். எனக்கே உங்க வீட்டம்மாதான் சொல்லிக் கொடுத்தாங்க. உங்ககிட்ட சொன்னதே இல்லையா?”

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். “நூறு தடவை சொல்லியிருப்பா. நான் எங்க காதுல வாங்கினேன்” என்றார்.

படபடவென்று வலையைத் தட்டிய கை கண்முன்னால் வந்து நின்றது. நேற்று அக்கா சொல்லியிருக்கிறாள். இருக்கிற ஒரு கையால், எவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். நான்தான் முகத்தில் அடித்தாற்போல் ஜன்னலை மூடினேன். அத்தானிடம் இதைச் சொன்னேன். எழுந்துபோய்க் குறடு எடுத்து வந்தார்.

ஜன்னலைத் திறந்து, கொசுவலையின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கடையில் வேறு வலை கிடைக்குமே என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. வலையில் அவள் நகம் கிழித்த இடம் நீளமாகத் தொங்கியது. அதை நூல் கொண்டு தைத்தார். நான்கு குச்சி நட்டு முற்றத்தின் குறுக்கே கட்டினார். இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஊதாத் தலையோடு மூன்று. மாமியார் வலையை இரண்டு முறை கொத்திப் பார்த்துவிட்டு மண்ணைக் கிளறப் போனது.

வலையில்லாத ஜன்னல் வழியாக அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் தட்டத் தொடங்கியது. எட்டு வரைக்கும் வந்து அப்படியே மேலே நின்றது. முற்றத்தின் மூலைகளைத் தேடினாள். கூண்டுப் பக்கம் தேடினாள். விரலைக் கீழே வைக்கவில்லை.

அத்தான் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். “எட்டுதான். ஒண்ணை நான் கொன்னுட்டேன்” என்றார்.

அவள் அவரையே பார்த்தாள்.

“நீ சொன்ன. எங்களுக்குப் புரியல. திட்டுடி. ஒரு தடவை வாய் நிறையத் திட்டிடேன்.”

அக்காவின் தாடை அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போக, எதையோ வெளியே தள்ளப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

“சரி” என்றாள்.